பட்டு என்று சொல்லி விற்றால் பட்டாகிவிடுமா? வியட்நாம் போகும் வடசென்னைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளிலிருந்து வியட்நாம் சுற்றுலா கிளம்பும் அன்பர்களுக்கு,



டிக்கெட் போட்டாயிற்று. இ-விசா கைக்கு வந்தாயிற்று. வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலும் தயாராக இருக்கும். காபித்தூள், முந்திரி, பிள்ளைகளுக்குக் கூம்புத் தொப்பி எல்லாம் எழுதிவிட்டு, அவற்றுக்கு மேலே கொட்டை எழுத்தில் ‘பட்டு’ என்று எழுதியிருப்பீர்கள். அக்காவுக்கு ஒரு சால்வை, மருமகளுக்குச் சட்டைத் துணி, கூட வேலை பார்த்தவர்களுக்கும் எதிர்வீட்டுக்கும் கொடுக்க ஒரு டஜன் ஸ்கார்ஃப். அந்த ஒரு வரியைப் பற்றியே இந்த மடல்.

காசிமேட்டில் விடியற்காலையில் வஞ்சிரம் வாங்கப் போனால், செவுளைத் தூக்கிப் பார்க்காமல் உங்களில் ஒருவரும் காசை எடுப்பதில்லை. சிவப்பு குறைந்திருந்தால் விற்பவர் எத்தனை சத்தியம் செய்தாலும் நகர்ந்துவிடுவீர்கள். அப்படிப்பட்ட நீங்கள், ஹனோயில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடையில் ‘ஒரிஜினல் சில்க்’ என்ற இரண்டே சொல்லை நம்பி, துணியைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கார்டை நீட்டுகிறீர்கள். ஊருக்கு வந்து ஒரு முறை துவைத்த பிறகுதான் சந்தேகம் வருகிறது. அப்போது கடையும் இல்லை, பில்லும் இல்லை, வழிகாட்டியின் போன் நம்பரும் இல்லை.

இந்த வருத்தம் ஒரு வீட்டோடு நிற்பதாக இருந்தால் மடல் எழுத வேண்டியதில்லை. வியட்நாம் போகும் இந்தியர்களின் எண்ணிக்கை 2019-ல் ஏறத்தாழ 1,70,000. 2024-ல் அது 5 லட்சத்தைத் தொட்டுவிட்டது. 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் இ-விசா எல்லா நாட்டவருக்கும் கிடைப்பதால், சிங்கப்பூர், மலேசியாவோடு நின்றிருந்த நம் பக்கத்துக் குடும்பங்களும் இப்போது அங்கே போகின்றன. ஆலையில் ஓய்வு பெற்றவர்கள் குழுவாகப் போகிறார்கள். டீலர்களைக் கம்பெனியே அழைத்துப் போகிறது. கல்யாணமான புதுசில் இளம் ஜோடிகள் போகிறார்கள். இத்தனை பேரும் பெட்டி நிறைய ‘பட்டு’ வாங்கி வருகிறார்கள். அதில் எவ்வளவு பட்டு, எவ்வளவு பாலியஸ்டர் என்று யாரும் கேட்பதில்லை.

கடையில் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பேருந்து ஊர் சுற்றிக்கொண்டிருக்கும்போதே வழிகாட்டி மைக்கில் சொல்வார்: “அடுத்து பட்டுத் தொழிற்கூடம் பார்க்கப் போகிறோம்.” உள்ளே போனதும் ஒரு மூங்கில் தட்டில் முசுக்கொட்டை இலை பரப்பியிருக்கும். அதன்மேல் புழுக்கள் நெளியும். பக்கத்தில் வெந்நீர்த் தொட்டியில் வெள்ளையும் மஞ்சளுமாகக் கூடுகள் மிதக்கும். ஒரு தறியில் ஒரு பெண்மணி நெய்துகொண்டிருப்பார். நீங்கள் படம் எடுப்பீர்கள். பத்து நிமிடத்தில் விளக்கம் முடிந்து அடுத்த கதவு திறக்கும். அங்கே தரையிலிருந்து கூரைவரை துணி.

இரண்டு அறைகளுக்கும் நடுவில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த ஒற்றைத் தறி நாள் முழுக்க ஓடினாலும் இந்த அலமாரிகளில் ஒன்றையாவது நிரப்புமா? புழுவும் கூடும் உண்மையானவை, நெய்கிற பெண்மணியும் உண்மையானவர். ஆனால் அடுத்த அறையில் அடுக்கியிருக்கும் துணி அந்தப் புழுவிலிருந்துதான் வந்தது என்பதற்கு அவர்களில் யாரும் சாட்சி இல்லை. கேள்வியைக் கேட்க உங்களுக்கு நேரமும் தரப்படுவதில்லை, அரை மணியில் பேருந்து கிளம்பிவிடும். பேருந்தை அங்கே கொண்டுவந்து நிறுத்தியதற்காகப் பல கடைகள் கமிஷன் கொடுக்கின்றன. அந்தக் கமிஷனும் நீங்கள் கொடுக்கும் விலைக்குள்தான் இருக்கிறது.

வெளியூர்க்காரர்தான் ஏமாறுவார் என்று நினைத்துவிடாதீர்கள். வியட்நாம் மக்களே அடிபட்ட கதை இருக்கிறது. ‘காய்சில்க்’ என்பது அந்த நாட்டில் பெரிய இடத்துப் பட்டுக்கடையாக இருந்தது. அதிகாரிகளும் வெளிநாட்டு விருந்தினரும் பரிசு வாங்கிய இடம். 2017 அக்டோபரில் ஒரு நிறுவனம், அந்தக் கடையின் ஹனோய் ஹாங் காய் தெருக் கிளையில், பரிசு கொடுப்பதற்காக 60 ஸ்கார்ஃப் வாங்கியது. ஒன்றின் விலை 6,44,000 டாங். பிரித்துப் பார்த்தபோது ஒரு துணியில் இரண்டு சீட்டுகள் தைத்திருந்தன. ஒன்று ‘வியட்நாமில் தயாரானது’ என்றது, இன்னொன்று ‘சீனாவில் தயாரானது’ என்றது. படம் சமூக ஊடகத்தில் பரவியது. கடையின் நிறுவனர் ஹோவாங் காய், விற்ற பட்டில் பாதியளவு சீனாவிலிருந்து வாங்கியதுதான் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அதோடு முடியவில்லை. தொழில் வணிக அமைச்சகம் சோதனை நடத்தி அந்த ஆண்டு டிசம்பரில் முடிவைச் சொன்னது. நூறு சதவீதப் பட்டு என்று சீட்டு ஒட்டியிருந்த சில பொருள்களில் பட்டே இல்லை.

அந்தத் துணியை வாங்கியவர்கள் உள்ளூர்க்காரர்கள், மொழி தெரிந்தவர்கள், வாங்கிய கடை பெரிய கடை. அவர்களுக்கே இந்த நிலை என்றால், மொழி தெரியாமல் அரை மணி அவகாசத்தில் வாங்கும் நீங்கள் எத்தனை ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

இதை வேறு ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமல் உங்களுக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது. துணியால் உண்டான மண் உங்களுடையது. 1639-ல் பிரான்சிஸ் டே இந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தபோது இங்கே நல்ல துறைமுகம் கிடையாது. மற்ற இடங்களைவிட இங்கே துணி மலிவாகக் கிடைத்ததே கம்பெனிக்கு அவர் எடுத்துச்சொன்ன பெரிய காரணம். கப்பலுக்குப் போகும் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை. திருவொற்றியூரில் மெட்ரோ நிலையத்துக்கே பெயராகிவிட்ட காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை. காலெட்பேட்டைதான் மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. அங்கே கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றியிருக்கும் தெருக்களில் ஒருகாலத்தில் தறிச் சத்தம் கேட்டிருக்கிறது.

பின்னி மில் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பக்கிங்காம் கர்னாடிக் மில்லில் மூன்று தலைமுறை வேலை பார்த்திருக்கிறது. இந்தியாவிலேயே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918-ல் அந்த மில் தொழிலாளர்களைக் கொண்டுதான் தொடங்கியது. 1996-ல் மில் மூடியது. ஆனால் துணியை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்து இது எந்த நூல் என்று சொல்லும் தாத்தாக்கள் இன்றைக்கும் உங்கள் தெருவில் இருக்கிறார்கள். பயணம் கிளம்பும் முன் அவர்களோடு ஒரு மாலை உட்கார்ந்து பேசினால், எந்த விளம்பரமும் சொல்லாததைச் சொல்லிக் கொடுப்பார்கள்.

பாலியஸ்டர் எதிலிருந்து வருகிறது என்று மணலி சுத்திகரிப்பு ஆலையின் புகையைப் பார்த்து வளர்ந்த உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோலியத்தில் பிறக்கும் இழை அது. அதை அணிவதில் தப்பு ஒன்றும் இல்லை. பட்டு விலைக்கு அதை வாங்குவதுதான் தப்பு, பட்டு என்று சொல்லி அதை விற்பது அதைவிடப் பெரிய தப்பு.

இனி, கணக்குக்கு வருவோம்.

வியட்நாம் பணத்தில் சுழியங்கள் அதிகம். நம் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டாங். ஐம்பதாயிரம் என்று கடைக்காரர் சொன்னால் நம் பணத்தில் 170 ரூபாய்க்குள். இரவுச் சந்தையில் அந்த விலைக்குப் ‘பட்டு ஸ்கார்ஃப்’ தொங்கும். இப்போது நூலின் விலையைப் பாருங்கள். ஒரு கூட்டிலிருந்து வரும் இழை நீளத்தில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இருக்கும், ஆனால் அது ஒற்றையாக எதற்கும் ஆகாத அளவு மெல்லியது. ஏழெட்டுக் கூடுகளின் இழையைச் சேர்த்துச் சுற்றினால்தான் ஒரு நூல். அப்படிச் சுற்றிய கச்சாப் பட்டு கிலோ நாலாயிரம் ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 60 கிராம் எடையுள்ள ஒரு ஸ்கார்ஃபுக்கு நூல் மட்டுமே 240 ரூபாய். அதன்மேல் சாயம், நெசவு, வாடகை, விற்பவர் லாபம். 170 ரூபாய்க்கு அது எப்படிக் கிடைக்கும்? இந்தச் சின்னக் கணக்கைக் கடை வாசலிலேயே போட்டுப் பாருங்கள். பாதிக் கடைகளுக்குள் நுழைய வேண்டிய அவசியமே இருக்காது.

விலை அதிகமாக இருந்தால் பட்டுதான் என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். காய்சில்க் விஷயத்தில் 6,44,000 டாங் கொடுத்தவர்களும் ஏமாந்தார்கள். குறைந்த விலை சந்தேகத்துக்கு இடம், கூடின விலை சோதனைக்கு இடம்.

சோதனை எப்படி? திருவொற்றியூர்க்காரர்களுக்குத் தீக்குச்சியைப் பற்றிச் சொல்லவா வேண்டும்! மெட்ரோ முடிகிற இடத்துக்கே விம்கோ தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர்தான். ஆனால் தீப்பெட்டியையோ லைட்டரையோ பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏற முடியாது. கடைக்காரரிடமே கேட்டு வாங்குங்கள். நல்ல பட்டு விற்கிறவர் தயங்காமல் எடுத்துக் கொடுப்பார்.

நீங்கள் வாங்கப்போகிற துணியின் ஓரத்திலிருந்து நீளவாக்கில் ஒரு இழை, குறுக்குவாக்கில் ஒரு இழை உருவச் சொல்லுங்கள். பாவில் பட்டும் ஊடையில் பாலியஸ்டரும் போட்டு நெய்வது சாதாரணமாக நடக்கிறது, ஒரு பக்கத்து இழையை மட்டும் எரித்தால் அது பிடிபடாது. கையில் பிடித்து எரிக்காமல் ஒரு தட்டின் மேல் வைத்து எரிப்பது நல்லது. பட்டு இழை நெருப்பு பட்டதும் சுருண்டு விலகும். மெதுவாக எரியும், குச்சியை எடுத்துவிட்டால் தானாகவே அணையும். தலைமுடி கருகுகிற நாற்றம் வரும். முனையில் மிஞ்சுகிற கரியை விரலால் நசுக்கினால் மாவாக உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் உருகும், கரும்புகை விடும், பிளாஸ்டிக் எரிகிற வாடை அடிக்கும். ஆறியதும் கெட்டியான மணி போல நிற்கும், நசுக்க முடியாது. ரேயான் காகிதம் போலச் சட்டென்று எரிந்து லேசான சாம்பலாகும். ஒரு நிமிட வேலை.

இங்கேயும் ஒரு தந்திரம் உண்டு. கேட்பதற்கு முன்னாலேயே சிலர் மேசையில் தயாராக வைத்திருக்கும் துண்டுத் துணியிலிருந்து இழையை எடுத்து எரித்துக் காட்டுவார்கள். நாற்றமும் சாம்பலும் அச்சாகப் பட்டுக்குரியவையாகவே இருக்கும், ஏனென்றால் அந்தத் துண்டு நிஜமான பட்டு. உங்கள் கையில் இருக்கும் துணியிலிருந்து உருவிய இழைதான் வேண்டும் என்று நில்லுங்கள். மோதிரத்துக்குள் சால்வையை இழுத்துக் காட்டினால் கைதட்டிவிடாதீர்கள். துணி மெல்லியது என்பதுதான் அதில் தெரியும், எந்த நூல் என்பது தெரியாது. தொட்டால் குளிர்ச்சி, பளபளப்பு, வழுவழுப்பு இவற்றையெல்லாம் இன்றைக்கு ஆலையில் செய்துவிடலாம்.

இழையை உருவ விடாத கடை என்றால்? வெளியே வந்துவிடுங்கள். அடுத்த தெருவில் வேறு கடை இருக்கும்.

நல்ல பட்டு வியட்நாமில் இல்லை என்று யாராவது இதிலிருந்து முடிவு செய்தால் அது அந்த நாட்டு நெசவாளருக்குச் செய்கிற அநியாயம். ஹனோய் நகரத்துக்குத் தென்மேற்கில் பத்துக் கிலோமீட்டர் தூரத்தில் ஹா டோங் பகுதியில் வான் ஃபுக் என்ற நெசவுக் கிராமம் இருக்கிறது. துணியிலேயே மேகம் போன்ற உருக்கள் மறைந்து தெரிகிற ‘வான்’ பட்டு அவர்கள் பெருமை. வெளிச்சத்தில் பிடித்தால் உரு தெரியும், கொஞ்சம் சாய்த்தால் மறையும். 2021 நவம்பரில் தொடங்கிய மெட்ரோ ரயில் நகரத்தின் கட் லின் நிலையத்திலிருந்து ஹா டோங் பக்கம் போகிறது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் நம் மெட்ரோவும் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகருக்கு நீண்டது. மெட்ரோவில் போய்ப் பழகிய உங்களுக்கு அங்கே போவது சிரமமே இல்லை. கடைத்தெருவோடு திரும்பிவிடாமல், சந்துக்குள் தறி ஓடுகிற சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கே போய் நில்லுங்கள். அந்தக் கிராமத்துக் கடைகளிலும் வெளியிலிருந்து வந்த துணி கலந்திருக்கும். அதனால் தீக்குச்சியை அங்கேயும் கேளுங்கள்.

டா நாங் பக்கம் போகிறவர்கள் ஹோய் ஆன் பழைய நகரத்தைப் பார்க்காமல் வரமாட்டீர்கள். 1999-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர். சில நூற்றாண்டுகளுக்கு முன்பு சீனர்களும் ஜப்பானியர்களும் வந்து பட்டு வாங்கிப்போன துறைமுகம். இன்றைக்கு அங்கே தையற்கடைகள் பிரபலம், அளவு கொடுத்தால் ஒரே நாளில் தைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். தையல் நன்றாக இருக்கும், ஆனால் துணி எது என்பதைத் துணியை வெட்டுவதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். லாம் டோங் மாகாணத்து மலைகளுக்குப் போகிறவர்களுக்குப் பாவ் லோக் வழியில் வரும். முசுக்கொட்டைத் தோட்டம், புழு வளர்ப்பு, நூல் சுற்றும் ஆலை என்று பட்டுத் தொழில் முழுவதும் அங்கே நடக்கிறது.

மெக்காங் ஆற்றுப் பக்கம் அன் யாங் மாகாணத்தில் தன் சௌ என்ற ஊர். அங்கே நெய்யும் ‘லான் மி ஆ’ என்ற கறுப்புப் பட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘மாக் நுவா’ என்ற மரத்தின் பச்சைக் காய்களை இடித்துச் சாறு எடுக்கிறார்கள். அந்தச் சாற்றில் துணியை முக்கி, பிழிந்து, வெயிலில் விரித்துக் காயவைக்கிறார்கள். காய்ந்ததை மறுபடியும் முக்குகிறார்கள். இப்படிப் பல பத்து முறை. மழை வந்தால் வேலை நின்றுபோகும். ஒரு மாதத்துக்கும் மேலே ஆகிறது அந்தக் கறுப்பு ஏற. சாயம் ஏறிய துணியைத் தொட்டால் பட்டின் வழுவழுப்போடு தோலின் கனமும் இருக்கும், உடுத்த உடுத்தத்தான் பளபளப்பு கூடும். ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு தறி இருந்த ஊரில் இப்போது இதைச் செய்கிற குடும்பங்கள் மிகச் சில.

அந்தக் குடும்பத்தின் முன்னால் போய் நின்று, சைகோனில் பென் தான் சந்தையில் பேரம் பேசிய பழக்கத்தில் பாதி விலைக்குக் கேட்காதீர்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். சந்தையில் விலையை ஏற்றிச் சொல்வது வழக்கம், அங்கே பேரம் பேசுவதும் வழக்கம். நெய்தவர் வீட்டில் அவர் சொல்கிற விலைக்குள் அவர் மாதத்தின் வெயில் முழுக்க இருக்கிறது. பட்டு என்ற பெயரில் வரும் பிளாஸ்டிக்குக்கும் மாதக்கணக்கில் முக்கிக் காயவைத்த பட்டுக்கும் ஒரே வாயால் பேரம் பேசினால், கடைசியில் பிளாஸ்டிக் விற்கிறவர்தான் பிழைப்பார். போலிப் பட்டால் நஷ்டப்படுவது வாங்குகிற நீங்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். உண்மையாக நெய்கிறவருக்குத்தான் முதல் நஷ்டம். 170 ரூபாய்க்குப் ‘பட்டு’ கிடைக்கிற ஊரில் அவர் நியாய விலை சொன்னால் அவரைத்தான் கொள்ளைக்காரர் என்கிறார்கள்.

பென் தான் சந்தைக்குப் பக்கத்திலேயே, த்ருவோங் தின் தெருவில், மாரியம்மன் கோயில் இருக்கிறது. நம் ஊரிலிருந்து போகிறவர்கள் தவறாமல் கும்பிட்டுவிட்டு வருகிற கோயில். பிரெஞ்சுக்காரர் காலத்தில் சைகோனுக்குப் பிழைக்கப்போன தமிழர்கள் கட்டியது. சற்றுத் தள்ளி டோங் டு தெருவில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-ல் எழுப்பிய பள்ளிவாசலும் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் போன தமிழ் முஸ்லிம்களில் பலர் அந்த ஊரில் துணிக்கடைதான் வைத்திருந்தார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தார்கள். ஆக, சைகோன் மக்களுக்குத் துணி விற்றவர்களில் தமிழரும் உண்டு. அந்த ஊரில் துணி வாங்கப் போகிற தமிழர், துணி தெரியாதவர் என்று பெயர் எடுக்கக் கூடாது.

இனி, குழுக்களை ஏற்பாடு செய்யும் உங்களுக்கு. சங்கத்தின் சார்பில், கோயில் குழுவின் சார்பில், பழைய மாணவர்கள் சார்பில் நாற்பது ஐம்பது பேரைத் திரட்டி ஏஜென்டிடம் பேசுகிறவர் நீங்கள். உங்கள் கையில் ஒரு பலம் இருக்கிறது, அதை நீங்கள் பயன்படுத்துவதில்லை. ஹோட்டலில் தோசை உண்டா, சைவச் சாப்பாடு உண்டா என்று பத்து முறை கேட்கிறீர்கள். ‘ஷாப்பிங்’ என்று அட்டவணையில் போட்டிருக்கும் இடம் எது, ஏன் அந்தக் கடை என்று ஒரு முறையாவது கேட்டதுண்டா? உங்களை நம்பி வருகிறவர்களில் பலர் ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து வருகிறவர்கள். முதல் முறை கடல் தாண்டுகிறவர்கள். அவர்கள் பணம் எந்தக் கடைக்குப் போகிறது என்று கேட்கும் கடமை உங்களுக்கு இருக்கிறது.

ஊருக்குத் திரும்பிய பிறகும் இந்தப் பழக்கம் போய்விடக் கூடாது. எம்.சி. ரோட்டில் தீபாவளிக் கூட்டத்தில், முகூர்த்தப் புடவைக்குக் காஞ்சிபுரம் போகிற போது, இதே கேள்விகளை இங்கேயும் கேளுங்கள். நமக்கு வியட்நாம் பயணிக்கு இல்லாத வசதிகள் உண்டு. மத்தியப் பட்டு வாரியத்தின் ஏற்பாட்டில் 2004-ல் வந்த ‘சில்க் மார்க்’ முத்திரை, துணி தூய பட்டு என்பதற்கு உத்தரவாதம். கைத்தறி முத்திரை 2006-ல் வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. குறிப்பிட்ட வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. இத்தனை இருந்தும் விசைத்தறியில் நெய்த கலப்புத் துணி காஞ்சிப் பட்டு என்று விற்பனையாகிறது. சட்டமும் முத்திரையும் கேட்கிறவருக்குத்தான் பயன்படும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சீனாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் கச்சாப் பட்டு நூல் இந்தியாவுக்கு இறக்குமதியாகிறது. பாவ் லோக் மலையில் இலை தின்ற புழுவின் நூல் நம் நாட்டுத் தறியில் ஏறுகிறது. அங்கே புழு வளர்க்கிற குடும்பமும் காஞ்சிபுரத்தில் பாவு ஓட்டுகிற குடும்பமும் ஒரே போலியால் அடி வாங்குகிறார்கள். ஹனோயில் நீங்கள் கேட்கிற கேள்வி காஞ்சிபுரத்துக்கும் உதவும், காஞ்சிபுரத்தில் கேட்கிற கேள்வி பாவ் லோக்குக்கும் உதவும்.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இவைதாம்.

முன்பணம் கட்டும் முன், அட்டவணையில் இருக்கும் பட்டுக்கடையை எடுத்துவிட்டு அந்த நேரத்தில் வான் ஃபுக் போன்ற ஒரு நெசவு ஊருக்கு அழைத்துப்போகும்படி ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள். அரை நாள் போதும். மறுத்தால் கடையில் எவ்வளவு நேரம் நிற்போம், வாங்கியே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையாவது எழுதி வாங்குங்கள்.

கடையில் விலை கேட்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இதில் பட்டு எத்தனை சதவீதம்? எங்கே நெய்தது? இந்தத் துணியிலிருந்தே இழை எடுத்து எரித்துக் காட்டுவீர்களா? போன் மொழிபெயர்ப்பில் இதை முன்கூட்டியே வியட்நாம் மொழியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால், சதவீதத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். விலை உயர்ந்த துணி என்றால் பில் இல்லாமல் வாங்கவே வேண்டாம், திரும்பி வரும்போது சுங்கத்தில் கேட்டாலும் அதுதான் கையில் இருக்கும்.

வாங்குவது குறைவாக இருந்தாலும் நல்லதாக இருக்கட்டும். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு பாலியஸ்டர் ஸ்கார்ஃப் கொண்டுவருவதைவிட, அக்காவுக்கு ஒரே ஒரு நல்ல பட்டுச் சால்வை வாங்கிவந்து, மற்றவர்களுக்குக் காபித்தூள் கொடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நெய்தவரையே நேரில் பார்த்து வாங்கினால், அவர் சொன்ன விலையைக் கொடுங்கள்.

திரும்பி வந்ததும், எந்தக் கடையில் இழையை எரித்துக் காட்டினார்கள், எந்தக் கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பதை உங்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். கோயில் படமும் படகுப் படமும் போடுகிற அதே இடத்தில் பில்லின் படத்தையும் போடுங்கள். அடுத்த மாதம் திருவொற்றியூரிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ கிளம்பப்போகும் குழு அதைப் படித்துவிட்டுப் போகட்டும். ஐம்பது பேர் கொண்ட ஒரு குழு எரித்துக் காட்டச் சொன்னால் கடைக்காரர் சிரித்து மழுப்பலாம். தொடர்ந்து நாலு குழு கேட்டால், தீப்பெட்டியை அவரே மேசையில் எடுத்து வைப்பார். ஏஜென்டும் அடுத்த பருவத்துக்கு வேறு கடையைத் தேடுவார், அல்லது தறி ஓடுகிற ஒரு வீட்டைத் தேடுவார்.

நல்லபடியாகப் போய்வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பகுதி வாசி ஒருவர்